எலியின் முதுகில் மனிதனின் வியாதி

1965-ஆம் ஆண்டில், கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துக்குள், தரைமட்டத்துக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, பம்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி நிறுவிய கருவிகள், ஆகாயத்தில் பிறந்து பூமியையே துளைத்துக்கொண்டு செல்லும் நியூட்ரினோ என்னும் சூட்சுமத் துகளின் அடையாளத்தைப் பதிவு செய்தன என்பது இவ்வூர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. வானத்திலிருந்து வருவதைக் காண்பதற்கு விஞ்ஞானிகள் பாதாளத்துக்கு இறங்கிய காரணம் எளிமையானது. தரையின்மேல் வேறு பல கதிர்கள் இடையறாது பொழிந்துகொண்டிருப்பதால், அந்தப் பொழிவின் நடுவே நியூட்ரினோவை இனங்காண முடியாது. அத்தனை கனமான பாறையோ, மற்றவற்றையெல்லாம் தடுத்து நிறுத்திவிட்டு, அதை மட்டும் உள்ளே விடுகிறது.

சரும வியாதிகளுள் மிகவும் பிடிவாதமானதாகிய சொரியாசிஸை ஆராய்கிறவர்கள் எலியை நாடுவதும் இதே நியாயத்தால்தான். நோயாளியின் தேகத்தில் பரம்பரை, பருவநிலை, மனக்கவலை, புகை, மது, முன்பு உண்ட மருந்துகள் என்று எத்தனையோ காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; ஒரே வம்சத்தில் பிறந்து, ஒரே உணவை உண்டு, ஒரே கூண்டில் வளர்ந்த எலிகளிடத்திலோ, அவற்றையெல்லாம் விலக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்க முடிகிறது. ஆயினும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பாறை, தன் வழியே செல்லும் நியூட்ரினோவை மாற்றுவதில்லை. எலியோ, தான் காட்டும் வியாதியையே மாற்றிவிடுகிறது. இந்த வித்தியாசத்தை மறந்தவர்கள்தாம் 'எலிகளிடம் நிரூபிக்கப்பட்ட மருந்து' என்ற விளம்பரத்தைக் கண்டவுடன் பூரண நம்பிக்கை கொள்கிறார்கள். எந்த எலி, என்ன கேள்வி என்று விசாரித்த பிறகே நம்பிக்கைக்கு இடம் உண்டு என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

வியாதியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் உயிரணுக்கள், மெல்ல மெல்ல மேலே ஏறி, வழியில் தம் உட்கருவை இழந்து, தட்டையாகிக் கடினமாகி, யார் கண்ணுக்கும் தெரியாமல் உதிர்ந்துபோவதற்குச் சாதாரணமாக நான்கு வாரங்கள் ஆகின்றன. சொரியாசிஸ் கண்ட இடத்தில் அந்தப் பிரயாணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. பக்குவம் அடையாத அணுக்கள், உட்கரு நீங்காமலே, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. முழங்கையிலும் முழங்காலிலும் தலையிலும் இடுப்பின் பின்புறத்திலும் சிவந்து தடித்த திட்டுகள் எழுந்து, அவற்றின்மேல் வெள்ளி நிறச் செதில்கள் படர்கின்றன. தோலில் காணும் இந்த அவசரத்துக்குத் தூண்டுகோல் தோலுக்குள் குடிபுகுந்த இரத்த வெள்ளணுக்கள். அவை இன்டர்லூக்கின்-23, இன்டர்லூக்கின்-17 முதலிய புரதங்களைச் சுரந்து, தோலணுக்களைப் பெருகு பெருகு என்று ஏவிக்கொண்டே இருக்கின்றன. உடலைக் காக்க வேண்டிய படை, காரணமின்றித் தன் உடலிலேயே போர் தொடுக்கும் வியாதி இது. கிருமியால் வருவதன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று.

தங்கவயலில் நிலவும் அபிப்பிராயங்கள் வேறு. பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட கழிவு மண் குன்று குன்றாக நிற்கும் சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் கிளம்பி வீடுகளுக்குள் வந்து படியும் தூசியே தோல் வியாதிகள் அனைத்துக்கும் மூலம் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்தத் தூசி கண்ணுக்கும் மூச்சுக்கும் நல்லதன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொரியாசிஸின் மூலம் அதுவன்று என்பதிலும் சந்தேகம் இல்லை. வறண்ட மார்கழிக் குளிரில் திட்டுகள் அதிகமாவது மெய். தோல் கீறுண்ட இடத்திலோ ஓயாமல் உராய்ந்த இடத்திலோ புதுத் திட்டு கிளம்புவதும் மெய். இந்தத் தன்மையைக் கவனித்து எழுதிய கோப்னர் என்ற ஜெர்மானிய வைத்தியரின் பெயராலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அதை வழங்கி வருகிறார்கள். இந்தியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 0.44 முதல் 2.8 பேர் வரை இவ்வியாதியால் பீடிக்கப்பட்டிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடுகளின் நெருக்கத்தில், கையில் செதில் கண்டவருக்குத் தனித் தம்ளர் எடுத்து வைப்பதும், கல்யாணப் பேச்சைப் பாதியில் நிறுத்துவதும், அந்த வியாதியைக் காட்டிலும் கொடிய வேதனையை அவருக்குத் தருகின்றன. நல்ல மருந்து வேண்டும் என்ற தவிப்பு இங்கிருந்துதான் பிறக்கிறது. அகப்பட்ட மருந்தையெல்லாம் நம்பிவிடும் அவசரமும் இங்கிருந்துதான் பிறக்கிறது.

மருந்தைப் பரீட்சிக்க எலி வேண்டும் என்றால், எலிக்கு முதலில் அந்த வியாதி வர வேண்டும். வருவதில்லை. அபூர்வமாகக் குரங்கினத்தில் இதைப் போன்ற நிலையைக் கண்டதாகச் சில குறிப்புகள் இருக்கின்றனவே தவிர, சொரியாசிஸ் ஏறத்தாழ மனிதனுக்கே உரிய துன்பம். அதற்குமேல் எலியின் தோலே வேறு. நம் மேல்தோலில் பல அடுக்கு உயிரணுக்கள் இருக்க, எலியின் மேல்தோலில் இரண்டு மூன்று அடுக்குகளே உண்டு. உடல் முழுவதும் அடர்ந்த ரோமம். தோலின் அடியில் நமக்கு இல்லாத ஒரு தசைப்படலம். இன்டர்லூக்கின்-17-ஐச் சுரக்கும் வெள்ளணுக்களின் இனமும் விகிதமும் நம்முடையவற்றுக்கு மாறுபட்டவை. ஆகவே விஞ்ஞானிகள் வியாதியைத் தேடிப் போகவில்லை. வியாதியின் ஏதேனும் ஓர் அம்சத்தை எலியின் உடம்பில் தேடினார்கள், அல்லது உண்டாக்கினார்கள். அப்படித் தேடிக் கண்டதில் பழமையானது எலியின் வால். அந்த வாலோடு நம் நாட்டு மருந்து ஒன்றுக்கும் சம்பந்தம் ஏற்பட்டிருப்பதால், அதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்று சொல்வதைச் சொரியாசிஸோடு ஒன்றாக வைத்துப் பேசுவது வழக்கம். அதற்குரிய மேற்பூச்சுகளுள் பெயர்பெற்றது வெட்பாலைத் தைலம். வெட்பாலை இலைகளைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் சில நாட்களில் தன் நிறம் மாறிக் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த வர்ணத்தை அடைகிறது. அடுப்பில் ஏற்றுவதில்லை; சூரிய வெப்பத்திலேயே இலையின் சாரம் எண்ணெயில் இறங்கிவிடுகிறது. 777 என்ற எண்ணைப் பெயராகக் கொண்டு விற்பனையாகும் எண்ணெயும் இதே இலையிலிருந்து செய்வதுதான். வெட்பாலை சாயத்துக்குப் பயன்பட்ட செடி என்பதும், அதன் இலையில் அவுரியைச் சார்ந்த நிறப்பொருள்கள் உண்டு என்பதும், அந்த ஊதா நிறத்தின் வரலாறு. அவுரி நீலத்தைக் களிம்பாக்கிச் சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் பூசித் தைவான் வைத்தியர்கள் நற்பலன் கண்டு 2008-இல் வெளியிட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நம் வைத்தியர்கள் இந்த இலையைத் தேர்ந்தது வெறும் தற்செயல் அன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

தோன்றுவது போதாது, பரீட்சை வேண்டும். உதகமண்டலத்து ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியைச் சேர்ந்த எஸ். பி. தனபாலும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் அதைச் செய்தார்கள். வெட்பாலை இலையின் சாரத்தை ஒரு பரீட்சையிலும், சோற்றுக்கற்றாழைக் கூழின் சாரத்தை மற்றொரு பரீட்சையிலும் எலியின் வாலில் பூசி, கண்ட முடிவுகளை 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

வாலை ஏன் தேர்ந்தார்கள்? எலியின் வாலை உற்றுப் பார்த்தால் அது வழவழப்பான கயிறு அன்று. வளையம் வளையமாகச் செதில்கள் அடுக்கப்பட்டு, அவற்றின் இடையிடையே மெல்லிய ரோமங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. செதில்களுக்கு நடுவேயுள்ள தோலில் உயிரணுக்கள் முறைப்படி முதிர்ந்து, சிறுமணிகள் நிறைந்த ஓர் அடுக்கைக் கடந்து, உட்கருவை விட்டுவிட்டு மேலே போகின்றன. செதிலின் அடியிலுள்ள தோலிலோ, அந்த மணி அடுக்கே கிடையாது. உட்கரு நீங்காத அணுக்களே மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. ஆரோக்கியமான எலிக்கு இது ஸ்வபாவம். மனிதனுக்கோ இதுவே சொரியாசிஸின் லட்சணங்களில் ஒன்று. இந்தப் பொருத்தத்தைக் கவனித்த ஜாரெட், ஸ்பியர்மன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர்கள், வைட்டமின் ஏ கொடுத்தால் வால் செதிலின் அடியிலும் மணி அடுக்கு தோன்றுவதை 1960-களிலேயே எடுத்துக் காட்டினார்கள். அன்று முதல், எந்த மருந்து அந்த அடுக்கை வரவழைக்கிறதோ, அந்த மருந்து மனிதத் தோலையும் நேர்வழிக்குத் திருப்பக்கூடும் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று.

பரீட்சை நடக்கும் முறை மிகவும் சாதாரணமானது. வாலின் அடிப்பாகத்தில் மருந்தைப் பூசி, எலி நக்கிவிடாதபடி அதன்மேல் ஒரு சிறு குழாயைச் செருகி, சில மணி நேரம் கழித்துக் கழுவிவிடுகிறார்கள். இவ்வாறு இரண்டு வாரங்கள். பிறகு எலியைக் கொன்று, வால் தோலை நீளவாக்கில் மெல்லிய சீவலாக்கி, சாயமூட்டி, நுண்ணோக்கியில் வைத்து, ஒவ்வொரு செதிலின் நீளத்திலும் எவ்வளவு தூரம் மணி அடுக்கு படர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். உதகமண்டலத்துக் கணக்கில், மருந்தில்லாத எலிகளின் செதில்களில் அது நூற்றுக்கு 17 அளவே இருந்தது. வெட்பாலைச் சாரம் பூசியவற்றில் ஏறத்தாழ 70. கற்றாழைச் சாரம் பூசியவற்றில் 85. மேனாட்டு மருந்தாகிய டாசரோட்டீன் பூசியவற்றில் 90. கொல்லையில் முளைக்கும் கற்றாழை, மருந்துச் சாலையில் சமைத்த டாசரோட்டீனுக்கு ஐந்து புள்ளிகள் மட்டுமே பின்தங்கி நின்றது என்றால், படிக்கிற தமிழனுக்கு உள்ளம் பூரிக்கத்தான் செய்யும். அந்த ஆராய்ச்சியாளர்களின் உழைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த வால் என்ன சொல்லியது என்பதை நிதானமாகக் கேட்க வேண்டும். வெட்பாலையிலும் கற்றாழையிலும் உயிரணுவை முதிரச் செய்யும் சக்தி இருக்கிறது என்று சொல்லியது. அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த வாலில் சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை, படையெடுத்து வந்த வெள்ளணுக்கள் இல்லை, வியாதியே இல்லை. டாசரோட்டீனைப் போல வைட்டமின் ஏ-யின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் இப்பரீட்சையில் பிரமாதமாகத் தேறுவது, பரீட்சையே அந்த மருந்தைக் கொண்டு பிறந்ததால்தான். இன்டர்லூக்கின்-17-ஐ மட்டும் தடுத்து இன்று நோயாளிகளின் திட்டுகளை ஆச்சரியமாக மறையச் செய்யும் ஊசி மருந்துகளுக்கு, அந்தப் புரதத்தின் ஆரவாரமே இல்லாத ஆரோக்கியமான வாலில் தம் திறமையைக் காட்ட இடமே கிடையாது. சிறந்த மருந்து தோற்கவும், சாமானிய மருந்து வெல்லவும் கூடிய பரீட்சை இது. இதை வைத்துக்கொண்டு 'சொரியாசிஸ் குணமாகும் என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது' என்று புட்டியின்மேல் அச்சிடுவது, ஆராய்ச்சியாளர் சொல்லாததை அவர் வாயில் திணிப்பதாகும்.

வாலில் இல்லாத அந்தப் போரை எலியின் முதுகில் மூட்டிக் காட்டியவர்கள் ஹாலந்து தேசத்தார். இமிக்விமோட் என்று ஒரு களிம்பு உண்டு. மருக்களுக்கும் சில தோல் கட்டிகளுக்கும் பூசுவது. உடலின் தற்காப்புப் படையை உசுப்பிவிடுவதே அதன் வேலை. அதைப் பூசிக்கொண்ட மனிதர்களில், சொரியாசிஸ் சுபாவம் உடையவர்களுக்கு வியாதி திடீரென்று கிளம்பியதை வைத்தியர்கள் கண்டு எழுதியிருந்தார்கள். அந்தக் குறிப்புகளைப் பற்றிக்கொண்டு, ராட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ் மருத்துவ மையத்தில் லெஸ்லி வான் டெர் ஃபிட்ஸ் என்பவரும் குழுவினரும், ரோமம் மழித்த எலியின் முதுகில் நாள்தோறும் 62.5 மில்லிகிராம் களிம்பைப் பூசினார்கள். இரண்டு மூன்று நாட்களில் முதுகு சிவந்தது, பிறகு தடித்தது, செதில் எழுந்தது. ஆராய்ச்சியாளர் தினமும் குனிந்து பார்த்து, சிவப்புக்கு ஒன்று, செதிலுக்கு ஒன்று, தடிப்புக்கு ஒன்று என்று பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் போடுகிறார். நோயாளிகளின் திட்டுகளை வைத்தியர் மதிப்பிடும் முறையையே எலிக்குச் சுருக்கிக்கொண்டது இது. முக்கியமான விஷயம் இனிமேல்தான் வருகிறது. இன்டர்லூக்கின்-23 இல்லாதபடியும், இன்டர்லூக்கின்-17-இன் கட்டளையை ஏற்க முடியாதபடியும் பிறப்பிலேயே மாற்றப்பட்ட எலிகளின் முதுகில், அதே களிம்பு பூசியும் வியாதி ஏறக்குறைய எழவே இல்லை. 2009-இல் வெளியான இந்த முடிவு, மனிதத் தோலில் சந்தேகிக்கப்பட்டுவந்த குற்றவாளிகளைத் தெளிவாகச் சுட்டிக் காட்டியது. எலி தன் சாட்சியத்தை உண்மையாகச் சொன்ன இடம் இது.

அதன்பிறகு நடந்தது எனக்கு அவ்வளவு உவப்பானதன்று. ஒரு பெட்டிக் களிம்பும் சில எலிகளும் ஆறு நாட்களும் இருந்தால் போதும் என்ற சௌகரியத்தால், உலகமெங்கும், நம் நாட்டிலும், எந்த மூலிகையானாலும் எந்த ரசாயனமானாலும் இந்த முதுகில் பூசிப் பார்ப்பதே வாடிக்கையாகிவிட்டது. களிம்பில் மருந்தைத் தாங்கி நிற்கும் ஐசோஸ்டியரிக் அமிலமே தோலைத் தனியாக எரிச்சலூட்டக் கூடியது என்று 2013-இல் எடுத்துக் காட்டினார்கள். எலி தன் முதுகையும் தன் கூண்டுத் தோழனின் முதுகையும் நக்கிக் களிம்பை உட்கொள்வதால் குடலும் பாதிக்கப்பட்டு எடை குறைகிறது. அந்தச் சோர்வு தோலின் முடிவையும் குழப்புகிறது. ஒரு வம்சத்து எலிக்கும் மற்றொரு வம்சத்து எலிக்கும் பலன் வேறுபடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பூசுவதை நிறுத்தினால் எலி தானே குணமாகிவிடுகிறது. இருபது ஆண்டுகளாக முழங்கையில் அழியாமல் நிற்கும் மனிதனின் திட்டுக்கும், ஆறு நாள் சிவப்புக்கும் உள்ள தூரத்தை எந்த மதிப்பெண்ணும் அளந்து காட்டாது.

அந்தத் தூரத்தைக் குறைக்க வேண்டும் என்று எண்ணியவர்கள், மனிதத் தோலையே எலியின்மேல் குடியேற்றினார்கள். பிற தேகத்தின் சதையை விலக்கும் சக்தி பிறவியிலேயே இல்லாத எலிகள் உண்டு. அவற்றின் முதுகில் நோயாளி மனமுவந்து கொடுத்த ஒரு சிறு துண்டுத் தோலை ஒட்டினால் அது அங்கே உயிரோடு வாழ்கிறது. 2004-ஆம் ஆண்டில் சூரிச் நகரத்தைச் சேர்ந்த ஒனூர் பாய்மன், ஃபிராங்க் நெஸ்லே ஆகியோர் தம் குழுவினரோடு வெளியிட்ட பரீட்சை, எனக்குத் தெரிந்த அளவில், இத்துறையிலேயே மிக அழகானது. நோயாளியின் திட்டிலிருந்து அன்று, திட்டே இல்லாத நல்ல தோலிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர்கள் எலியில் ஒட்டினார்கள். நோயாளியின் இரத்தம் இல்லை. நோயாளியின் மனக்கவலை இல்லை. வெளியிலிருந்து எந்த ஏவலும் இல்லை. ஆயினும் சில வாரங்களில், பெரும்பாலான துண்டுகளில், சொரியாசிஸ் தானாகவே மலர்ந்தது. பார்வைக்கு நல்ல தோலாக இருக்கும்போதே அதற்குள் வியாதியின் படைவீரர்கள் குடியிருந்து காத்திருக்கிறார்கள் என்பது அதனால் விளங்கிற்று. மனிதனிடம் ஒருபோதும் செய்து பார்க்க முடியாத பிரிப்பு அது. இத்தகைய பரீட்சைக்குச் செலவு அதிகம், தோல் கொடுக்க நோயாளிகள் வேண்டும், கைத்திறன் வேண்டும். அதனால்தான் இதைச் செய்பவர்கள் சிலராகவும், களிம்பு பூசுகிறவர்கள் பலராகவும் இருக்கிறார்கள்.

எலியின் பெருமையைப் பேசும்போது, எலி வழிகாட்டாமலே வந்த மருந்துகளையும் மறக்கலாகாது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ், லெடர்லி ஆராய்ச்சிசாலையில் தம் சகாக்களுடன் உருவாக்கிய அமினோப்டெரின், 1948-இல் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பிரயோகிக்கப்பட்டது. மூட்டுவாத நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த குப்னர் என்ற வைத்தியர், மூட்டோடு கூடச் சொரியாசிஸ் திட்டுகளும் மறைவதைக் கண்டு 1951-இல் எழுதினார். அதன் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேட் இன்றுவரை ஏழை நோயாளிக்கு எட்டும் விலையில் கிடைக்கும் பெரிய மருந்தாக நிற்கிறது. சைக்ளோஸ்போரின் சொரியாசிஸுக்கு உதவும் என்று 1979-இல் தெரிந்ததும் நோயாளிகளிடம் கண்ட தற்செயலால்தான். உற்றுப் பார்க்கும் வைத்தியரின் கண்ணுக்கு ஈடான கருவி எந்தக் கூண்டிலும் இல்லை.

நமக்கு அண்மையிலேயே நடந்த ஒரு சம்பவம் இதைவிடவும் சிந்தனைக்குரியது. மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று நிலையத்துக்கு நிலையம் நிரம்பிச் செல்லும் காலை ரயில், 2001-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தங்கவயல் குடும்பங்களுக்குச் சோறு போடும் ரயிலாகிவிட்டது. அது போய்ச் சேரும் பெங்களூரில்தான், பயோகான் நிறுவனம் இடோலிசுமாப் என்ற சொரியாசிஸ் மருந்தை உருவாக்கி, 2013-இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பூர்வீகம் கியூபாவின் ஹவானா நகரத்து மூலக்கூறு நோய்த்தடுப்பியல் மையம். முதலில் அது எலியின் உடலில் பிறந்த எதிர்ப்புப் புரதம். பிறகு மனித உடல் ஏற்கும்படி அதை மாற்றி அமைத்தார்கள். வெள்ளணுக்களின் மேலுள்ள சி.டி.6 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வது அதன் தொழில். ஆனால் அது பற்றுவது மனிதனின் சி.டி.6-ஐ, எலியின் சி.டி.6-ஐ அது இனங்காண்பதில்லை. எலியில் பிறந்த மருந்தை எலியில் நேரடியாகப் பரீட்சிக்க முடியாத நிலை. இந்திய நோயாளிகள் 225 பேர் கலந்துகொண்ட பரீட்சையில், 12 வாரங்களில் வியாதி முக்கால் பங்கு குறைந்தவர்கள் மருந்து பெற்ற இரு பிரிவுகளில் நூற்றுக்கு 27 பேரும் 36 பேருமாக இருக்க, வெற்று ஊசி பெற்ற பிரிவில் 2 பேருக்குச் சற்று அதிகமாகவே இருந்தார்கள். சி.டி.6 இல்லாமல் பிறக்கச் செய்த எலிகளின் முதுகில் இமிக்விமோட் பூசி, வியாதி தணிந்தே எழுகிறது என்று ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் காட்டியது 2018-இல். எலி முன்னே செல்ல மனிதன் பின்னே செல்வான் என்பதுதான் எல்லோரும் எண்ணும் வரிசை. இங்கே மனிதன் முன்னே சென்றான், எலி பின்னால் வந்து, அவன் கண்டதற்குக் காரணம் சொல்லியது.

எலிக்கும் குரங்குக்கும் எக்காலத்திலும் சொல்லத் தெரியாத அபாயங்களும் உண்டு. எஃபாலிசுமாப் என்ற மருந்து 2003-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, ஆயிரக்கணக்கான சொரியாசிஸ் நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டது. நெடுங்காலம் பெற்றவர்களில் சிலருக்கு மூளையை அரிக்கும் கொடிய வியாதி வந்ததால், 2009-இல் அது திரும்பப் பெறப்பட்டது. மனிதரில் பெரும்பாலோர் உடலில் ஜே.சி. என்ற வைரஸ் உறங்கிக் கிடக்கிறது. தற்காப்பு தளர்ந்ததும் அது விழித்துக்கொண்டது. அந்த வைரஸ் இயற்கையில் பற்றுவது மனிதனை மட்டுமே. அது இல்லாத பிராணி எப்படி எச்சரிக்கும்?

சுரங்கத்து மக்களுக்கு இந்த எச்சரிக்கை வேறொரு வழியாகவும் நெருக்கமானது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து மூச்சைத் திணறடிக்கும் சிலிகோசிஸ், தங்கவயலில் எத்தனை குடும்பங்களின் மூத்தவர்களைக் கொண்டுபோயிற்று என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கனடா தேசத்தின் ஒன்டாரியோவில், டிம்மின்ஸ் வட்டாரத்து மக்கின்டயர் தங்கச் சுரங்கத்தைச் சார்ந்தவர்கள், அலுமினியத் தூளைச் சுவாசித்த முயல்களுக்குச் சிலிகோசிஸ் குறைகிறது என்று 1930-களின் பிற்பகுதியில் கண்டார்கள். அந்த முயல்களை நம்பி, 1943 முதல் 1979 வரை, சுரங்கத் தொழிலாளர்கள் உடை மாற்றும் அறையில் கதவை மூடிக்கொண்டு, வேலைக்கு இறங்குமுன் அந்தக் கரிய தூளைச் சுவாசிக்கும்படி செய்யப்பட்டார்கள். அது சிலிகோசிஸைத் தடுத்ததாகப் பிற்காலத்தில் நிரூபணமாகவில்லை. அதைச் சுவாசித்தவர்களிடம் பார்க்கின்சன் வியாதி அதிகமாகக் காணப்பட்டதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. குற்றம் முயலினுடையதன்று. முயல் ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொன்னது. முப்பத்தாறு ஆண்டுகள் அந்தத் தூளைச் சுவாசித்த மனிதர்களை மறுபடியும் பரிசோதிக்காமல் இருந்தவர்கள் மனிதர்களே.

பிராணிகளைப் பற்றியும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். முதுகு தடித்துச் செதில் உதிரும் எலி, அரிப்புத் தாங்காமல் பின்னங்காலால் சொறிந்துகொள்கிறது. அதன் வேதனையை அறிய மதிப்பெண் அட்டவணை தேவையில்லை. 1959-ஆம் ஆண்டில் ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள், பிராணிக்குப் பதில் வேறு வழி உண்டா என்று முதலில் தேடு, இல்லையென்றால் எண்ணிக்கையைக் குறை, அதன்பிறகும் வேதனையைத் தணி என்று மூன்று நியமங்களை வகுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1960-இல், நம் நாட்டில் பிராணி வதைத் தடைச் சட்டம் நிறைவேறியது; 1998-இல் வந்த விதிகளின்படி, ஆராய்ச்சி நிலையம் ஒவ்வொன்றிலும் நெறிமுறைக் குழு இருந்து, எத்தனை எலி, எதற்காக என்று கேட்டு அனுமதித்த பிறகே பரீட்சை தொடங்க முடியும். 2023-இல் மருந்துப் பரிசோதனை விதிகளைத் திருத்தி, மனித உயிரணுக்களைக் கொண்டு வளர்த்த திசுக்கள் முதலியவற்றின் சான்றுகளையும் ஏற்க வழிசெய்தார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்த மனிதத் தோல், அணு முதிர்வதைக் காட்டுவதில் எலியின் வாலுக்கு மேலானது என்றே நான் நினைக்கிறேன். ஏற்கெனவே பத்துப் பேர் பூசிப் பார்த்த மூலிகையை, பதினோராவது முறையாக அதே ஆறு நாள் முதுகில் பூசி, ஒரு பட்டத்துக்காக ஆய்வேடு எழுதுவதற்கு எந்தக் குழுவும் எலிகளைக் கொடுக்கலாகாது என்றும் நினைக்கிறேன். ஆனால் கிண்ணத்துத் தோலுக்கு இரத்த ஓட்டம் இல்லை, நிணநீர் முடிச்சு இல்லை, மூட்டு இல்லை. ஆதலால் எலியை அடியோடு விட்டுவிடலாம் என்று இன்று சொல்வது நோயாளிக்குச் செய்யும் துரோகமாகும்.

வெட்பாலைத் தைலத்துக்கு இனி வேண்டியது இன்னொரு வால் அன்று. நிறத்தையும் மணத்தையும் ஒத்த வெறும் எண்ணெயைச் சில நோயாளிகளுக்கும், தைலத்தை வேறு சிலருக்கும், யாருக்கு எது என்று பூசுகிறவரும் பார்க்கிறவரும் அறியாதபடி பல மாதங்கள் கொடுத்து ஒப்பிடும் பெரிய பரீட்சையே அதற்குரியது. எலிகளுக்கு மிஞ்சியிருக்கும் வேலை வேறு. மறைந்துபோன திட்டு, மருந்தை நிறுத்திய சில மாதங்களில், பெரும்பாலும் பழைய இடத்திலேயே, பழைய உருவத்திலேயே திரும்பி வருவதை நோயாளிகள் எல்லோரும் அறிவார்கள். குணமான தோலிலேயே தங்கிவிட்ட சில வெள்ளணுக்கள் அந்த இடத்தை நினைவில் வைத்திருக்கின்றன என்பதை மனிதத் தோல் துண்டுகளிலிருந்து கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றை அந்த இடத்திலிருந்து எப்படி வெளியேற்றுவது என்பதே இப்போது இத்துறையின் பெரிய கேள்வி. இரண்டு ஆண்டுகளே வாழும் எலியிடம் இருபது ஆண்டு நினைவைக் காண முடியாது. ஆனால் மனிதத் தோலைச் சுமந்த எலியிடம், அந்த அணுக்கள் எதை உண்டு உயிர்வாழ்கின்றன, எது கிடைக்காவிட்டால் மடிகின்றன என்று கேட்க முடியும். அந்தக் கேள்வியோடுதான் பல ஆய்வுக்கூடங்களில் இப்போது அத்தகைய எலிகளை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.